நாற்பத்தொரு பீங்கானும் ஒரு கண்ணாடியும்

என் வீட்டுக் கூடத்தின் முன்சுவரில் நாற்பத்தொரு பீங்கான் தட்டுத் தொங்குகிறது. இன்னும் ஆறு பீங்கானுக்கு இடமிருக்கிறது. வருகிறவர்கள் யாராவது "இதென்ன கோலம்" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அந்த ஆறு இடத்தையும் விரலால் காட்டுவேன். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு பீங்கானுக்கும் மற்றதற்கும் சோடி கிடையாது. ரோசாப்பூப் போட்டது, நீலக்கரை ஓடினது, நடுவில் பாய்க்கப்பல் வரைந்தது, விளிம்பு பறந்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் தங்கூசியில் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறேன். வலைக்குப் போடுகிற அதே நைலோன் நூல், அதே முடிச்சு. சோளகக் காற்றில் கதவு அடிபட்டுச் சுவர் அதிர்ந்தாலும் இதுவரை ஒன்றும் விழுந்ததில்லை.

பீங்கான்களுக்குக் கீழே, பிள்ளைகள் வரிசையாக இருந்து படிக்கிற நீள வாங்கு ஒன்று கிடக்கிறது. பெரியமடுப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது விறகுக்குப் போகவிருந்த வாங்கு. அதன் சாய்மனையில் யாரோ ஒரு பிள்ளை கவராயத்தால் மீன் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறது. செட்டை, செவுள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. கடற்கரைப் பிள்ளை ஒன்றுதான் அப்படிக் கீறும். அந்தப் பிள்ளை எப்படிக் காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இடம்பெயர்ந்து போயிருக்கும். அதை விடுங்கள்.

வாங்குக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெசினின் கால். மெசின் இல்லை, இரும்புக் கால் மட்டும்தான். மேலே பலகை போட்டு மேசையாக்கியிருக்கிறேன். மேசையில் மூன்று மணிக்கூடு. மூன்றும் மூன்று நேரம் காட்டும், ஒன்றும் ஓடாது. யன்னலில் பச்சைக் கண்ணாடி உருண்டைகள் தொங்குகின்றன. அந்தக் காலத்தில் எங்கோ தூரத்துக் கடலில் வலை மிதக்கக் கட்டியவை, அறுந்து மிதந்து வந்து எங்கள் கரையில் ஒதுங்கியவை. பின்னேர வெயில் பட்டால் நிலம் முழுக்கப் பச்சையாகும். யன்னல் சீலைகளை என் மனைவி பழைய சேலைகளைப் பொருத்தித் தைத்தாள். அதில் ஒன்றுக்குக் கீழ்ப்பாதி கிடையாது. ஒழுங்கையில் திரிகிற கழுதை ஒருநாள் தலையை நீட்டித் தின்றுவிட்டது. மேல்பாதி நல்ல சேலை என்றபடியால் அது அப்படியே தொங்குகிறது.

இந்த வீட்டைத்தான் என் மகன் ஸ்ரோர் என்றான்.

அவன் பிரான்சுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. போன வருடம் தனியாக வந்தான். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றான்.

"அப்பா, இது வீடோ ஸ்ரோரோ?"

"ஸ்ரோர் எண்டால் சாமானை அடுக்கிப் பூட்டி வைப்பினம். இஞ்ச பூட்டு இல்லை. உள்ளுக்கு வா."

"எங்கால வாறது? கால் வைக்க இடமில்லை."

சமையல் குசினிக்குள்ளிருந்து தாய் சொன்னாள்: "வலப்பக்கத்தால வா மோனே. மற்றப் பக்கம் உரல் கிடக்கு."

"வீட்டுக்குள்ள ஏனம்மா உரல்?"

"குடை வைக்க."

மூன்றாம் நாள் அவன் மன்னார் பசாருக்குப் போய் இரண்டு வாளி வெள்ளைப் பெயின்ரோடு வந்தான். அளவு நாடாவால் சுவரை அளந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு வாங்கில் இருத்தி, ஆஸ்பத்திரியில் டொக்டர் கதைப்பதுபோலக் கதைத்தான்.

"சனிக்கிழமை லொறி வரும். இதெல்லாத்தையும் ஏத்தி அனுப்பிப்போட்டு வெள்ளை அடிப்பம். நிலத்துக்கு மாபிள் பதிப்பம். வாற லீவுக்கு நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"கூட்டிக்கொண்டு வா. ஆர் வேண்டாமெண்டது?"

"இதுக்குள்ளயோ?"

அன்று புதன்கிழமை. எனக்கு மூன்று நாள் இருந்தது.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்குப் படிப்பில்லை. எழுதப் பழகியதே அகதி முகாமில்தான், ஊருக்குக் கடிதம் போடுவதற்காக. அதற்கு முதல் லான்ட்மாஸ்டர், பெட்டி பூட்டின இருசில்லு உழவு மெசின், ஓடினேன். கருவாடு, ஐஸ், கிடுகு, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். சண்டை தொடங்கின பிறகு நான் அதிகம் ஏற்றியது மற்றவர்களின் வீட்டுச் சாமான்தான். ஓடுகிற சனம் எதை முதலில் ஏற்றும், எதைக் கடைசியில் இறக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மாதா படத்தை மடியில் வைத்திருப்பார்கள். அலுமாரியை ஏற்றிவிட்டு, அரைவழியில் பாரம் கூடி றோட்டோரம் இறக்கிவிட்டுப் போவார்கள். அப்படி இறக்கின அலுமாரிகள் வெயிலில் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முறை வந்தபோது லான்ட்மாஸ்டர் உதவவில்லை. இந்தியாவுக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பை என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்குச் சீதனமாக வந்த கண்ணாடி ஒன்று இருந்தது. முதிரை மரச் சட்டம், முட்டை வடிவம், உச்சியில் இரண்டு புறா. கலியாண வீட்டிலிருந்து வண்டிலில் கொண்டு வரும்போது ஒரு புறாவின் சொண்டு உடைந்துவிட்டது. அந்தக் கண்ணாடியை அவள் தலையணைக்குள் சுற்றிக் கடற்கரை வரைக்கும் தூக்கி வந்துவிட்டாள். படகுக்காரன் பார்த்தான்.

"அக்கா, கண்ணாடி வரலாம், இல்லாட்டி மடியில இருக்கிற பிள்ளை வரலாம். ரெண்டுக்கும் இடமில்லை."

மகனுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கண்ணாடியை அதே ஆணியில் மாட்டி, கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து படகில் ஏறினாள்.

மண்டபம் முகாமில் பத்தடிக்குப் பத்தடி அறை. அதற்குள் எத்தனை வருடம். திரும்பி வந்தபோது அவளிடம் திறப்பு இருந்தது, கதவு இல்லை. யன்னல் இல்லை, ஓடு இல்லை. சுவரில் ஆணிகூட இல்லை. ஆணியைப் பிடுங்கின ஓட்டைதான் இருந்தது. கண்ணாடி தொங்கின இடத்து ஓட்டைக்குள் அவள் விரலை விட்டுப் பார்த்தாள்.

பிறகு அதே வளவில் வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை வீடு கிடைத்தது. நாலு பக்கமும் சாம்பல் நிறச் சீமெந்துச் சுவர். முதல்நாள் அதற்குள் படுத்திருந்தபோது, இனிமேல் என் வீட்டில் வெறும் சுவர் இருக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை இன்றைக்கும் யாருக்காகவும் மாற்றுவதாக இல்லை.

சாமான்களில் பாதிக்கு மேல் மன்னார்த் தாராபுரத்து நானாவிடம் வாங்கியவை. அவர் பழைய இரும்பு, போத்தல் எடுக்கிறவர். முதலில் சைக்கிளில் வந்தார், இப்போது சின்ன லொறியில் வருகிறார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். இரண்டும் மூத்தவரைக் கூப்பிடுகிற சொல், யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டதில்லை. அவருடைய முஸ்லிம் சனத்தையும் ஒருநாள் கையில் இருந்ததோடு போகச் சொன்னார்கள். அவர்களும் பல வருடம் கழித்துத்தான் வந்தார்கள். சண்டையைப் பற்றி நானும் அவரும் கதைத்தது ஒரே ஒரு தரம்.

"உங்கட வீட்டில ஆணியும் இல்லையாமே அண்ணை?"

"இல்லை நானா."

"எங்கட வீட்டில சுவரே இல்லை."

அவ்வளவுதான். பிறகு ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்கு விலை பேசினோம்.

இந்த வீட்டில் எல்லாம் இருந்தது, கண்ணாடி மட்டும் இருக்கவில்லை. நானா எத்தனையோ கண்ணாடி கொண்டு வந்தார். மனைவி ஒன்றையும் தொடவில்லை.

"ஊரார் முகம் பாத்த கண்ணாடியில நான் என்ர முகத்தைப் பாக்கமாட்டன்."

"ஊரார் திண்ட கோப்பையில சாப்பிடுறாய்."

"கோப்பையைக் கழுவலாம்."

அவள் பெரிய மணிக்கூட்டின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் சீப்பால் தலை இழுப்பாள். முள்ளுக்கும் இலக்கங்களுக்கும் நடுவில் அவளுடைய முகம் மங்கலாகத் தெரியும்.

இனிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கோயிலில் சுவாமியார் உள்ளே இருந்து சனத்தின் பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூடு அது. ஆளுயரம், முதிரை மரம். நடுவில் சுவாமியார் இருக்கிற இடம், முன்னால் அரைக்கதவும் சீலையும். இரண்டு பக்கமும் முழந்தாளிடப் பலகை, காதளவில் ஓட்டை போட்ட தட்டி. எங்கள் கோயிலைத் திருத்தினபோது புதிதாக ஒன்று செய்து, பழையதை வெளி விறாந்தையில் போட்டுவிட்டார்கள். அது திருநாள் சமையலுக்கு விறகாகப் போகும் என்று கேள்விப்பட்டு நான் போய்க் கேட்டேன். பங்குச் சுவாமியார் "கொண்டு போங்கோ, ஆனா கோழி அடைக்கப்படாது" என்றார்.

நான் எடுக்கப் போன நாள் பிழையான நாள். குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் ஊர் முழுக்கப் பாவசங்கீர்த்தனம் செய்யும். ஒரு சுவாமியார் போதாதென்று வேறு பங்குகளிலிருந்தும் வந்து, கோயிலுக்குள் ஒருவர், வேம்புக்குக் கீழே கதிரை போட்டு ஒருவர், சுவாமியாரின் அறைவீட்டு வாசலில் ஒருவர் என்று ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். நான் விறாந்தைக்குப் போய், இருக்கைப் பலகையில் கறையான் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டிக்குள் ஏறினேன். அரைக்கதவின் பிணைச்சல் வேலை செய்கிறதா என்று சாத்தியும் பார்த்தேன். சீலை தானாக விழுந்தது.

பக்கத்தில் முழந்தாள் பலகை கிறீச்சென்றது.

"சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி. கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருசம்."

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் முன்வீட்டு அக்கா. என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவர், கண்ணில் பூ விழுந்தவர். நான் ஆளில்லை என்று காட்ட இருமினேன். அவர் அதைச் சுவாமியாரின் இருமல் என்று எடுத்துக்கொண்டார்.

மருமகளை ஏசினது, அயலான் கோழிக்குக் கல்லெறிந்தது, பூசைக்குப் போகாமல் படுத்தது எல்லாம் வந்தது. வெளியே இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன். அப்போதுதான் சொன்னார்.

"இன்னொண்டு இருக்கு சுவாமி. இத்தினை வருசமும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சனம் இந்தியாவுக்கு ஓடேக்க நான் மடுப்பக்கம் போய் எல்லாருக்கும் முதல் திரும்பி வந்தனான். முன்வீடு உடைஞ்சு கிடந்தது. நான் உடைக்கேல்ல. உள்ளுக்க போனன். ஒரு கண்ணாடி தொங்கினது. நான் எடுக்காட்டி வேற ஆரும் எடுப்பினமெண்டு எடுத்தனான். அவையள் வந்திட்டினம். நான் குடுக்கேல்ல. இப்பவும் என்ர அறைக்குள்ள கிடக்கு."

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

"அந்த மனுசன் இப்ப ஊரில உள்ள உடைஞ்சது, நெளிஞ்சது எல்லாத்தையும் பொறுக்கி வீட்டுக்குள்ள அடுக்குது சுவாமி. சனம் விசரெண்டு சொல்லுது. அந்த விசருக்கு நானும் காரணமோ எண்டு கிடக்கு."

பிறகு அவர் பாவத்துக்கு அபராதமாக என்ன மந்திரம் சொல்ல வேண்டும் என்று கேட்கக் காத்திருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணாடியைத் திருப்பிக் குடு என்று தட்டிக்குள்ளால் சொன்னால், அன்று பின்னேரமே அது என் வீட்டில் இருந்திருக்கும். எனக்கு அந்த யோசனை வந்தது. வரவில்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"மூண்டு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கோ."

அவர் கொஞ்சம் தயங்கி எழும்பிப் போனார்.

நான் நேராக வேம்புக்குக் கீழே இருந்த சுவாமியாரிடம் போய் முழந்தாளிட்டு நடந்ததைச் சொன்னேன். அடக்கின சிரிப்பில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"சுவாமியார் மட்டுமில்லை, தற்செயலாக் காதில விழுந்த ஆளும் வாய் திறக்கப்படாது. பெண்சாதிக்கும் சொல்லப்படாது. கேட்டு வாங்கவும் போகப்படாது. விளங்குதோ?"

"ஓம் சுவாமி."

"உமக்குப் பத்து அருள் நிறைந்த மந்திரம்."

"அவவுக்கு மூண்டுதானே குடுத்தனான்."

"அவ உண்மையான பாவசங்கீர்த்தனம் செய்தவ. நீர் கள்ளச் சாமியார்."

தொட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் வாசலடி மூலையில் வைத்தேன். நடுவில் மனைவியின் சேலைகள், ஒரு பக்கம் அரிசி வாளி, மறுபக்கம் தூண்டில் தடிகள். அது வந்த நாளிலிருந்து முன்வீட்டு அக்கா எங்கள் வாசல்படி ஏறவில்லை. முன்னர் கிழமைக்கு இரண்டு தரம் வந்து தேத்தண்ணி குடிப்பவர், பிறகு வேலிப் படலையில் நின்றே கதைத்துவிட்டுப் போவார். "அக்காவுக்கு எங்களோட என்ன கோவம்?" என்று மனைவி பலதரம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். இப்படி நாலு வருடம். கண்ணாடி இருக்கிற வீட்டை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு, மணிக்கூட்டில் தலை இழுக்கிற மனைவியையும் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதை இப்போது எழுதுவது, அந்த அக்காவே எல்லார் முன்னாலும் வாயால் சொன்ன பிறகுதான்.

மகனிடம் திரும்பி வருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நான் சொன்னேன்.

"ஒரு ஆணியும் கழட்டமாட்டன்."

"அப்பா, போன நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா இந்த மெசின் காலில தடக்கி விழுந்து கை முறிஞ்சவ. மறந்திட்டியளோ?"

"அது மெசின் காலின்ர பிழையில்லை. கறண்ட் நிண்டது."

"நான் தடக்கேல்ல, வழுக்கினது" என்றாள் மனைவி.

"என்னெண்டாலும் விழுந்ததுதானே அம்மா." அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு சொன்னான்: "முகாமில ஒரு அறைக்குள்ள இருந்தம். நான் காலை நீட்டினா உங்கட முதுகில முட்டும். அம்மா சமைக்கிற புகைக்குள்ளதான் படிச்சனான். எனக்கு வெறும் இடம் வேணும் அப்பா. ஒண்டும் இல்லாத சுவர் ஒண்டைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். அது உங்களுக்கு விளங்காது."

அது எனக்கு விளங்காமல் இல்லை. ஒரே அறையிலிருந்துதான் நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். அவனுக்கு இடம் இல்லாமல் இருந்தது, எனக்குச் சாமான் இல்லாமல் இருந்தது. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏணியை வைத்து ஏறி, நாற்பத்தோராவது பீங்கானைத் தொங்கவிட்டேன். அவன் கீழே நின்று பார்த்தான்.

"நாளைக்குக் கழட்டப்போறதை இண்டைக்கு ஏன் கட்டுறியள்?"

"ஏணியைப் பிடி. ஆடுது."

பிடித்தான். அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை லொறி வந்தது. இறங்கினவர் தாராபுரத்து நானா. மகனுக்கு அவரைத் தெரியாது. பசாரில் யாரிடமோ விசாரித்து, பழைய சாமான் எடுக்கிற ஆள் என்று பேசி வைத்திருக்கிறான். நானா உள்ளே வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"மகன், இதில பாதி நான் வித்த சாமான். நான் வித்ததை நானே திருப்பி ஏத்தினா ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"அப்ப மற்றப் பாதியை ஏத்துங்கோ."

"மற்றப் பாதி நான் விலை கேட்டு அண்ணை தராதது."

மகன் தானே தொடங்கினான். வாசலை மறைக்கிற பெரிய சாமான் என்று முதலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பிடித்தான். அது அசையவில்லை. உள்ளே அரிசி இருந்தது. நான் வாங்கில் இருந்தேன். எழும்பவில்லை. வாங்கை எடுப்பதென்றால் என்னோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்போது படலைச் சத்தம் கேட்டது. முன்வீட்டு அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, படலையில் நிற்காமல், முற்றத்தைக் கடந்து, வாசல்படியில் ஏறினார். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து அப்படியே நின்றாள்.

"லொறி நிக்குது. எல்லாத்தையும் ஏத்துறியளோ தம்பி?" என்று மகனைக் கேட்டார்.

"ஓம் மாமி. வீட்டைத் துப்புரவாக்கப் போறம்."

"என்ர வீட்டிலயும் ஒரு சாமான் கிடக்கு. ஏத்தவேணும். வந்து தூக்கித் தாறியோ?"

மகனுக்குச் சந்தோசம். இந்த ஒழுங்கையில் புத்தியுள்ள ஒரு ஆளாவது இருக்கிறாரே என்ற முகத்தோடு அவருக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, முட்டை வடிவத்தில், உச்சியில் இரண்டு புறாவோடு. ஒரு புறாவுக்குச் சொண்டு இல்லை. அவனுக்கு அது என்னவென்று தெரியாது. தன்னைப் படகில் ஏற்றத் தாய் விட்டுவிட்டு வந்த சாமானை அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து வந்தான். மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் லொறியின் பக்கம் திரும்பினான்.

"லொறியில இல்லைத் தம்பி" என்றார் அக்கா. "உள்ளுக்குக் கொண்டு போ. அது உங்கட வீட்டுச் சாமான்."

பிறகு முற்றத்தில் நின்றபடியே, நானாவும் கேட்கத்தக்கதாக, தட்டிக்குள்ளால் நாலு வருடத்துக்கு முன் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"முதல்தரம் இந்த வீடு வெறுமையாகினதில என்ர கையும் இருந்தது. ரெண்டாந்தரமும் வெறுமையாக்கிறதைப் படலையில நிண்டு பாக்கச் சொல்லுறியோ? எல்லாத்தையும் ஏத்தினாப் பேந்து இதை நான் எங்க கொண்டுவந்து குடுக்கிறது? எந்தச் சுவரில மாட்டுறது?"

மனைவி முற்றத்துக்கு இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேல். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் ஒரு மூலையைத் துடைத்தாள்.

"கீழ்ப்பக்கம் ரசம் போயிட்டுது அக்கா. ஈரச் சுவரிலயோ மாட்டி வச்சனீங்கள்?"

"ஓமடி பிள்ளை. மாரிக்கு ஒழுகிற சுவர்."

"எங்கட சுவர் ஒழுகாது" என்றாள் மனைவி.

அக்கா படியேறி உள்ளே வந்து என் பக்கம் திரும்பினார். தொட்டியைப் பொல்லால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ வந்து கேப்பாயெண்டு நாலு வருசம் பாத்தனான்."

"நான் எதை அக்கா கேக்கிறது?"

"நடிக்காத. அந்த இருமலை நான் இந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கிறன். கண்தான் தெரியாது, காது தெரியும். கோயில் வாசலுக்கு வரேக்கயே எனக்கு விளங்கிட்டுது. களவெடுத்ததுக்கு எந்தச் சாமியார் மூண்டு மந்திரத்தோட விடுவார்?"

"கேக்கப்படாதெண்டு உண்மையான சாமியார் சொல்லிப்போட்டார்."

"கேட்டுக் குடுத்திருந்தா எனக்கு லேசாயிருந்திருக்கும்" என்றார் அவர். "வா, எழும்பு. அந்த வாங்கில எனக்கும் இடம் விடு. கால் நோகுது."

நான் நகர்ந்தேன். அவர் என் பக்கத்தில், மீன் கீறின இடத்தில் சாய்ந்துகொண்டு இருந்தார். மனைவி தேத்தண்ணி வைக்கப் போனாள்.

மகன் கண்ணாடியைப் பிடித்தபடியே உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்றான். சுவர்களைப் பார்த்தான். முன்சுவரில் பீங்கான், வலச்சுவரில் படங்களும் லாம்புகளும், இடச்சுவரில் யன்னலும் உருண்டைகளும்.

"இதை மாட்டுறதெண்டா கொஞ்சப் பீங்கானைக் கழட்டவேணும் அப்பா."

"ஒண்டும் கழட்டமாட்டன்."

"அப்ப எங்க?"

"அந்தத் தொட்டியின்ர கதவில மாட்டு" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள். "நான் சேலை எடுக்கிற இடம். அங்கதான் வேணும்."

நானா தன் லொறியிலிருந்து சுத்தியலும் இரண்டு பித்தளைக் கொளுக்கியும் எடுத்து வந்தார். மகன்தான் அறைந்தான். கோணலாக இருக்கிறது என்று நான் சொன்னேன், நேராக இருக்கிறது என்று அக்கா சொன்னார். கண்ணில் பூ விழுந்த ஆள் சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். வேலை முடிந்ததும் நானா சும்மா போகாமல், லொறியில் கிடந்த ஒரு எனாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. மகனுக்கு முன்னால் வாங்கக் கூச்சம். அடுத்த கிழமை வாங்கினாள். அது குசினிச் சுவரில் இருக்கிறது, முன்சுவர்க் கணக்கில் சேராது.

மகனிடம் நான் ஒன்று மட்டும் விட்டுக்கொடுத்தேன். படுக்கையிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து வாசலுக்கும் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கிற அகலத்துக்கு நிலத்தில் வழி. மெசின் காலை யன்னலடிக்கு நகர்த்தினோம். உரல் விறாந்தைக்குப் போனது. நிலத்தைத்தான் கொடுத்தேன், சுவரில் ஒரு விரலகலமும் கொடுக்கவில்லை. வெறும் சுவர் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரையில் போய் இரு, அங்கே ஒன்றுமில்லை, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒன்றும் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். மிச்ச நாட்களில் பின்னேரங்களில் அவன் போய் இருந்தான். வரும்போது ஒருநாள் ஒரு பச்சை உருண்டையைக் கொண்டு வந்து யன்னலில் கட்டினான். முடிச்சுப் பிழை. அவன் போன பிறகு அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

இரண்டு வாளி பெயின்ரும் மிஞ்சியது. வாங்கின சாமானை வீணாக்குகிற பழக்கம் எனக்கில்லை. இப்போது எங்கள் ஒழுங்கையில் உள்ளும் புறமும் வெள்ளை வெளேரென்று, ஒரு படமும் ஒரு ஆணியும் இல்லாமல் இருப்பது ஒரே ஒரு கட்டடம்தான். அது என் கோழிக்கூடு. வாற லீவுக்கு மகன் பிள்ளைகளோடு வந்தால், வெறும் இடம் வேண்டியவர்கள் அதற்குள் போய் இருக்கலாம்.